நம் உடலின் அளவுகளை எங்கே எழுதி வைப்பது?

பேராவூரணியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஓர் அறிவியல் ஆய்விதழை நடத்துவதையும் வளர்ப்பதையும் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். உடலியங்கியலைப் பொறுத்தவரை இந்த ஊர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. சோறு எப்படிச் சத்தாகிறது, சித்திரை வெயிலில் உடல் தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது, பகல் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவருக்கு நாடித்துடிப்பு எங்கே போய் நிற்கிறது, தென்னை ஏறுகிறவரின் நுரையீரல் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பவைதான் அந்தத் துறையின் கேள்விகள். அந்த உடல்கள் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பற்றிய எழுத்து எங்கே இருக்கிறது, யாருடைய கையில் இருக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். நம் மக்களின் உடலுக்கு இயல்பு எது என்பதை அளந்து பதியவும், அதைப் பற்றி வாதிடவும், தவறிருந்தால் திருத்தவும் நமக்கென்று தரமான உடலியங்கியல் ஆய்விதழ் வேண்டும். இருக்கும் இதழைக் காத்து வளர்ப்பது தில்லியில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் குழுவின் வேலை மட்டும் என்று விட்டுவிட முடியாது. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு.

இரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தால் கையில் ஒரு தாள் தருகிறார்கள். நம் அளவு ஒரு பக்கம், இயல்பு வரம்பு மறுபக்கம். நம் அளவு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும், ஊசி குத்தி எடுத்தார்கள். அந்த மறுபக்கத்து எண் எப்படி வந்தது? யாரோ, எங்கோ, நோயற்ற ஒரு கூட்டத்தாரை அளந்து, அந்த அளவுகளை ஓர் ஆய்விதழில் எழுதி, மற்றவர்கள் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டதால் வந்தது. அந்தக் கூட்டத்தில் நம் ஆட்கள் இருந்தார்களா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் கிடைக்கும் பதில்கள் கவனிக்கத்தக்கவை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். உணவு உண்டு 12 மணி நேரம் ஆனபின், ஓய்வாகப் படுத்திருக்கும்போது, உயிர் தரித்திருப்பதற்கு மட்டும் உடல் செலவிடும் ஆற்றலை அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்கிறோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கலோரி தேவை என்ற கணக்கு இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுப்பப்படுகிறது. சென்னையில் இது மிக முன்னதாகவே அளக்கப்பட்டது. பெண்கள் கிறித்தவக் கல்லூரியின் எலினார் மேசன், அமெரிக்க ஆய்வாளர் பெனடிக்டோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களை அளந்து எழுதிய கட்டுரை 1931ல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வந்தது. மறு ஆண்டே கிருஷ்ணன், வரீத் ஆகிய இருவரும் சென்னைக் கல்லூரி மாணவ மாணவியரை அளந்த கட்டுரையும் அதே இதழில் வெளியானது. மேலைநாட்டு அளவுகோலோடு ஒப்பிட்டால் நம்மவர் அளவு கணிசமாகக் குறைவு என்பது அக்காலத்து ஆய்வுகளின் முடிவு. தட்பவெப்பமா, உணவா, இனமா என்ற விவாதம் அங்கே தொடங்கியது.

பிறகு 1985ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுமைக்கும் ஒரே வகைச் சூத்திரங்களைத் தந்தது. ஸ்கோஃபீல்டு என்பவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவுகளைத் திரட்டி உருவாக்கியவை அவை. அந்த ஏழாயிரம் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலியர்கள், அதிலும் படைவீரர்களும் உழைப்பாளிகளும் மிகுதி. வெப்பநாட்டு மக்களுக்கு இந்தச் சூத்திரம் கூடுதலாகக் காட்டுகிறது என்ற குரல் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு 5 விழுக்காடு குறைத்துக் கணக்கிட்டது. இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் ‘நம் உடல் வேறு, அவர்கள் உடல் வேறு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷெட்டி, சோரெஸ், அனுரா குர்பத் ஆகியோர் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். ஒரே எடையுள்ள இந்தியரையும் ஐரோப்பியரையும் எடுத்துக்கொண்டால் நம்மவர் உடலில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். கொழுப்பு நீங்கலான எடையை வைத்துக் கணக்கிட்டால் அந்த இன வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று 1990களில் அவர்கள் காட்டினார்கள். அறுபது ஆண்டு விவாதத்துக்கு அது ஒரு விடை.

இது ஆய்வறைக்குள் அடங்கும் செய்தி என்று எண்ண வேண்டாம். 1957ல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தபோது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி என்ற கணக்கை எடுத்துக்கொண்டது. அது குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஐக்ராய்டு சொன்ன அளவு. 1979ல் திட்டக் குழுவின் பணிக்குழு வறுமைக்கோட்டை வரைந்தபோது கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வைத்தது. வயல் வேலைக்கு எவ்வளவு கூலி, யார் ஏழை, யாருக்கு எவ்வளவு அரிசி என்ற கேள்விகளுக்கு அடியில் உடலியங்கியல் எண்கள் கிடக்கின்றன. அவற்றை அளந்தவர்கள் எழுதிவைக்க ஓர் இடமும், பின்வந்தவர்கள் மறுக்க அதே போன்ற ஓர் இடமும் இருந்ததால்தான் திருத்தம் நடந்தது. ஆய்விதழ் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

நுரையீரலுக்கு வருவோம். மூச்சளவி என்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி ஆஸ்துமாவையும் புகைபிடிப்பவரின் நுரையீரல் கேட்டையும் கண்டறிகிறார்கள். ‘எதிர்பார்க்கும் அளவில் இத்தனை விழுக்காடு’ என்று கருவி அச்சடித்துத் தருகிறது. யாருக்கு எதிர்பார்க்கும் அளவு? 2012ல் வெளிவந்த உலகளாவிய நுரையீரல் அளவுகோல் 74,187 பேரின் அளவுகளிலிருந்து உருவானது. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிச் சூத்திரம் ஒன்றை அதில் தர இயலவில்லை. நம் பகுதியிலிருந்து கிடைத்த தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கருவி ஒரு விதம், முறை ஒரு விதம், எழுதிய விதமும் வேறு. சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் விஜயனும் உடன் பணியாற்றியவர்களும் சென்னை இளைஞர்களின் நுரையீரல் அளவுகளை எடுத்து 1990ல் எழுதிய கட்டுரை இலண்டனிலிருந்து வரும் தொராக்ஸ் இதழில் இருக்கிறது. அப்படிப்பட்ட நல்ல ஆய்வுகள் உண்டு. அவை சிதறிக் கிடக்கின்றன. ஒரே முறையில் அளக்கச் செய்து, ஒரே ஒழுங்கில் எழுதச் செய்து, ஆண்டுதோறும் சேர்த்துவைக்கும் காவலர் அவற்றுக்கு வாய்க்கவில்லை. ஓர் ஆசிரியர் குழுவின் முதல் வேலை அந்தக் காவல் என்று நான் கருதுகிறேன்.

இதழே இல்லாத நாடல்ல நம்முடையது. இந்திய மருத்துவ ஆய்விதழ் 1913லிருந்து வருகிறது. 1934ல் கல்கத்தாவில் இந்திய உடலியங்கியல் கழகம் தோன்றியது. உடலியங்கியலாரும் மருந்தியலாரும் சேர்ந்து அமைத்த சங்கம் 1957ல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி அண்ட் ஃபார்மகாலஜி’ என்ற இதழைத் தொடங்கியது. தில்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறையை ஒட்டி வளர்ந்த அந்தக் காலாண்டிதழ் இன்றும் வெளிவருகிறது. நமக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மரில் மதன்மோகன் குழுவினர், யோகப் பயிற்சியால் கண்ணும் காதும் தரும் குறிப்புக்கு உடல் எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது, மூச்சை அடக்கும் திறனும் தசை வலிமையும் எப்படி மாறுகின்றன என்று அளந்து 1992ல் எழுதியது இந்த இதழில்தான். யோகம் பற்றிய இத்தகைய அளவீடுகளுக்கு அயல்நாட்டு இதழ்கள் எளிதில் கதவு திறக்காத காலத்தில், நம் இதழ் பொறுமையாகக் கேள்வி கேட்டு, திருத்தி, இடம் தந்தது. இன்று உலகம் முழுக்க யோக ஆய்வு செய்பவர்கள் அந்தப் பழைய பக்கங்களைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். அறிவியலுக்கு நாடு ஏது? இதயம் எல்லாருக்கும் இடப்பக்கம்தானே துடிக்கிறது, நல்ல ஆய்வு எந்த இதழில் வந்தால் என்ன? பாதி உண்மை. நரம்பில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952ல் எழுதியது கடல் கணவாயின் நரம்பை வைத்து. அது மனித நரம்புக்கும் பொருந்துகிறது. பொறிமுறை பொதுவானது, அளவு பொதுவானதல்ல என்பதுதான் உடலியங்கியல் கற்றுத்தந்த பாடம். புதுப் பொறிமுறையைக் கண்டவர் உலகின் எந்த இதழிலும் எழுதட்டும், எழுதவும் வேண்டும். ‘தஞ்சை மாவட்டத்து நலமான முதியோரின் இரத்த அழுத்தம் ஆண்டின் எந்த மாதத்தில் எவ்வளவு’ என்ற கட்டுரையைப் பெரிய பன்னாட்டு இதழ் எதுவும் விரும்பிக் கேட்காது. அதில் புதுமை இல்லை என்பார்கள். அவர்கள் வாசகர்களுக்கு அது புதுமையில்லைதான், நம் மருத்துவருக்கோ அது அன்றாடத் தேவை. இந்தப் பகுதிக்கு நன்றாகப் புரியும்படி சொன்னால், கல்லணைக் கால்வாயில் தலைமதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பதைப் பேராவூரணிக்காரர் கணக்கில் வைப்பதில்லை. கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்றுதான் கேட்பார். உடலியங்கியல் அறிவுக்கும் கடைமடை உண்டு. அங்கே பாயும் கிளை வாய்க்காலைத் தூர்வாரி வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

இரண்டாம் மறுப்பு கடுமையானது. நம் இதழ்களின் தரம் குறைவு, அதனால் நல்ல கட்டுரைகள் வெளியே போகின்றன, நல்லவை வெளியே போவதால் தரம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை யார் உடைப்பது? இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் இதழ்கள் எப்படி எழுந்தன என்பதே இதற்கு விடை. இங்கிலாந்தின் ‘ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி’யை 1878ல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஃபாஸ்டர் தொடங்கியபோது உடலியங்கியலின் தலைநகரம் ஜெர்மனி. ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஜெர்மன் இதழ்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃபாஸ்டரின் இதழ் கடனில் தத்தளித்தது. 1894ல் லாங்லி அதைக் கையிலெடுத்து, 1925ல் இறக்கும்வரை நடத்தினார். வரும் கட்டுரைகளை வரிவரியாகத் திருத்தி, சுருக்கி, விளக்கமில்லாததைத் திருப்பியனுப்பி நடத்தினார். அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி 1898ல் பிறந்தபோது அதன் பணப்பொறுப்பை வில்லியம் போர்ட்டர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் தாமே ஏற்று 1914 வரை சுமந்தார். தரம் முதலில் வந்து இதழ் பிறகு வரவில்லை. இதழை ஒருவர் விடாப்பிடியாக நடத்தியதால் தரம் வந்தது. நம்மிடம் பெயர்பெற்ற ஆய்வாளருக்குப் பஞ்சமில்லை. நுரையீரலில் ஜே உணர்விகளைக் கண்ட பெயிண்டலும், பசிக்கான மூளைப் பகுதியை 1951ல் பிரோபெக்கோடு சேர்ந்து கண்ட பி.கே. ஆனந்தும் இந்த மண்ணில் பணியாற்றியவர்கள்தாம். லாங்லியைப் போல முப்பது ஆண்டு ஒரு மேசையில் அமர்ந்து அடுத்தவர் கட்டுரையைத் திருத்துகிறவருக்கு நம் பல்கலைக்கழகங்களில் மதிப்பு இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இரத்த அழுத்தம் பற்றிய ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னுரையும் முடிவுரையும் அழகாக இருக்கும். நல்ல ஆசிரியர் அவற்றைத் தாண்டி ஆய்வுமுறைப் பகுதிக்குப் போவார். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்களா? கையைச் சுற்றும் பட்டையின் அளவு என்ன? பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எந்தக் கை, எத்தனை முறை, காலையா மாலையா, அறையின் வெப்பம் எவ்வளவு? மெலிந்த பெண்களையும் பருத்த ஆண்களையும் ஒரே பட்டையால் அளந்திருந்தால், அந்த ஆய்வு கண்டுபிடித்த வேறுபாடு உடலுடையதா பட்டையுடையதா? பிறகு அட்டவணைக்குப் போவார். அளவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணுவார். பாதரசமானியில் இயல்பாக அளந்திருந்தால் பூச்சியம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என எல்லாம் ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். 120, 130, 140 என்று பூச்சியங்களாகவே குவிந்திருந்தால் பாதரசத்தைப் பார்த்தவர் அவசரமாகப் பார்த்திருக்கிறார், அல்லது பார்க்கவே இல்லை. இத்தனையையும் குறித்துக் கட்டுரையாளருக்கு எழுத வேண்டும். அதுவும் அவமதிக்காமல், அடுத்த முறை சரியாக அளக்கும்படி சொல்லித்தர வேண்டும். சிறிய ஊரின் மருத்துவக் கல்லூரியிலிருந்து முதல் கட்டுரை அனுப்பும் இளம் ஆசிரியருக்கு அந்தக் கடிதம் ஒரு வகுப்பு. பெரிய இதழ்கள் இரண்டே வரியில் மறுத்துவிடும். கற்றுத்தரும் மறுப்பை நம் இதழிடம்தான் எதிர்பார்க்க முடியும்.

இந்த வேலைக்கு நேர் எதிரான ஒரு வணிகம் நம் நாட்டில் தழைத்தது. பணம் கட்டினால் போதும், கேள்வி கேட்காமல் அச்சிட்டுத் தரும் போலி ஆய்விதழ்கள். ஷென், பியோர்க் என்ற இருவர் 2015ல் வெளியிட்ட ஆய்வு, 2014ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய இதழ்களில் 4 இலட்சத்து 20 ஆயிரம் கட்டுரைகள் வந்திருக்கும் என்று மதிப்பிட்டது. எழுதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். ஏன்? பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்டோம், கட்டுரை எழுத நேரமோ கருவியோ வழிகாட்டியோ தரவில்லை. அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2015ல் எந்தத் தரவுப் பட்டியல்களில் இடம்பெற்ற இதழ் செல்லும் என்று வரையறுத்தது. அந்தப் பட்டியல்களில் ஒன்றிரண்டு போலிகளுக்கும் இடம் தந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கி, 2025ல் அதையும் கைவிட்டது. பட்டியல் போட்டுத் தரத்தைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘கட்டாயக் கட்டுரையே வேண்டாம், நன்றாகப் பாடம் நடத்தினால் போதும்’ என்று சொல்பவர்களோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். எழுதச் சொன்னதற்காக ஒருவர் எழுதுவதை விட, எழுத ஏதேனும் உள்ளவர் எழுதும்போதுதான் இதழ் உயரும். கட்டாயம் குறைந்தால் இதழுக்கு வரும் கட்டுரை குறையும். குறையட்டும். மதிப்பீட்டாளர்கள் மூச்சுவிட்டுப் படிக்க நேரம் கிடைக்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை நம் அரசுக் கல்லூரிகள் படிக்கலாம். நல்ல திட்டம், வேண்டிய திட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாவட்டத் தலைநகர்க் கல்லூரி மாணவரும் இனி உலக இதழ்களைத் திறந்து பார்ப்பார். ஆனால் படிப்பதற்கு இவ்வளவு கொடுக்கும் அரசு, எழுதிவைப்பதற்கு எவ்வளவு கொடுக்கிறது? இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பன்னாட்டு இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரையை வெளியிட ஆய்வாளர் கட்ட வேண்டிய தொகை இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அப்படிச் சில கட்டுரைகளுக்குக் கட்டும் பணத்தில், நம் சங்கத்தின் இதழுக்கு ஒரு முழுநேரப் புள்ளியியலாளரையும் ஒரு படித்திருத்துநரையும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம். இதழ் நடத்துவதில் அச்சும் கணினியும் இன்று பெருஞ்செலவில்லை. பயிற்சி பெற்ற மனித நேரம்தான் செலவு.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூறும் உடலியங்கியலும் தமிழில் நூலாக வரச் செய்தார். கோவையின் கலைக்கதிர் இதழ் தமிழில் அறிவியலை வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஆகவே ஆய்விதழே தமிழில் வரட்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நம் அளவுகளை வங்காளத்தாரும் கென்யரும் பிரேசில்காரரும் படித்து மறுக்க வேண்டும். மறுக்கப்படாத அளவு நிலைக்காது. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த ஆய்வுக்கு உட்பட்ட மக்களின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயமாகட்டும். கையை நீட்டி அளக்கக் கொடுத்தவருக்கு என்ன கண்டீர்கள் என்று சொல்லும் கடமை ஆய்வாளருக்கு இருக்கிறது.

நமக்கென்று இதழ் வேண்டும் என்பதன் அவசரத்தை வெயில் கூட்டுகிறது. ஸ்ரீ இராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்து, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதையும், சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் காட்டினார்கள். இன்னோர் ஆய்வில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று கண்டார்கள். அது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழில் வந்தது, உலகம் கவனித்தது. அங்கே வந்தது நியாயமே. அடுத்து வரவேண்டியவை சிறிய, தொடர்ச்சியான அளவீடுகள். நடவுப் பெண்களின் உடல் வெப்பம் எந்த மணிக்கு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நீர் குடித்தால் தாங்குகிறது, பதினோரு மணிக்கு வேலையை நிறுத்தினால் என்ன மாறுகிறது என்பவை. பி.கே. நாக் முதலானோர் 1980ல் இந்திய வேளாண் தொழிலாளர்களின் வேலைச்சுமையை அளந்து பிரிட்டனின் எர்கனாமிக்ஸ் இதழில் எழுதினார்கள். அன்றைய வெயில் வேறு, இன்றைய வெயில் வேறு. திரும்ப அளக்க வேண்டும். இவ்வகைத் திரும்ப அளத்தலுக்கு இடம் தருவதாக நம் இதழ் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வுக்கும் இடம் தர வேண்டும்.

தரவு இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் உடலியங்கியல் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்கின்றன. நம் மாணவரின், நெசவாளரின், போக்குவரத்துக் காவலரின், கருவுற்ற பெண்ணின் நாடியும் மூச்சும் எண்களாக இத்தகைய ஏடுகளில்தான் உறங்குகின்றன. பட்டம் வாங்கியதும் மூடி வைக்கிறோம்.

இந்த அவையில் மருத்துவ ஆசிரியர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். உங்கள் துறையில் எழுதப்பட்ட ஆய்வேடுகளை எடுத்து, முறையாக அளக்கப்பட்டவற்றைத் தேர்ந்து, மூலத் தரவோடு நம் இதழுக்கு அனுப்புங்கள். மதிப்பீடு செய்து தருமாறு ஆசிரியர் குழுவிலிருந்து கடிதம் வந்தால் மறுக்காமல் மூன்று வாரத்துக்குள் படித்து எழுதுங்கள். பதவி உயர்வுக் குழுக்களில் அமரும்போது, ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதோடு, எத்தனை கட்டுரையைப் படித்துத் திருத்திக் கொடுத்தார் என்றும் கேளுங்கள்.